டிஸ்னி என்ற கையெழுத்துக்குப் பின்னால் இருந்தவர்கள்

"டிஸ்னி நிறுவனத்தைப் பற்றி அதிகம் பேருக்குத் தெரியாத கதைகள் என்னென்ன?" என்பது கேள்வி. இதற்கு முதலில் வந்து விழும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: வால்ட் டிஸ்னியின் உடலை உறைய வைத்துப் பாதுகாக்கிறார்கள் என்பது. அது உண்மையில்லை. நுரையீரல் புற்றுநோய் வந்து 1966 டிசம்பர் 15 அன்று அவர் இறந்தார். இரண்டே நாளில் தகனம் முடிந்தது. அஸ்தி கலிபோர்னியாவில் க்ளெண்டேல் நகரத்து ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. அந்தப் பேச்சை இதோடு விட்டுவிட்டு, உண்மையில் நடந்த கதைகளுக்கு வருகிறேன்.

நான் கையால் வரையும் அனிமேஷன் படித்தவன், சில வருடங்கள் அதையே தொழிலாகவும் செய்தவன். அதனால் எனக்கு இந்த நிறுவனத்தின் கதை அந்தக் கையெழுத்தில்தான் ஆரம்பிக்கும். படம் தொடங்கும்போது கோட்டைக்குக் கீழே வருமே, சுழித்துச் சுழித்து எழுதிய அந்தப் பெயர். வால்ட் சாதாரணமாகப் போடும் கையெழுத்து அப்படி இருக்காது. அது நிறுவனத்துக்காக அழகுபடுத்திய வடிவம். ரசிகர்கள் கேட்டு வாங்கிய கையெழுத்துகளில் பலவற்றை ஹேங்க் போர்ட்டர் போன்ற ஸ்டூடியோ ஓவியர்கள்தான் அவருடைய அனுமதியோடு போட்டுக் கொடுத்தார்கள். ஒரே ஒரு மனிதரின் பெயர், அதற்குள் பல பேரின் கை. நான் சொல்லப்போவது அந்தக் கைகளின் கதை.

முதல் ஆள் அண்ணன் ராய் டிஸ்னி. வால்ட்டைவிட எட்டு வயது மூத்தவர். 1923-ல் வால்ட்டுக்கு வயது 21. கேன்சஸ் சிட்டியில் அவர் நடத்திய லாஃப்-ஓ-கிராம் என்ற சின்ன கார்ட்டூன் கம்பெனி திவாலாகிவிட்டது. கையில் இருந்தது பாதியில் நின்ற ஒரு மாதிரிப் படம் மட்டும். நிஜமான ஒரு சிறுமி கார்ட்டூன் உலகத்துக்குள் போய் விளையாடுவது போன்ற படம் அது. லாஸ் ஏஞ்சலஸில் சித்தப்பா ராபர்ட் வீட்டில் வந்து தங்கினார். ராய் அப்போது அதே ஊரில், சாட்டெல் பகுதியில் இருந்த முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் காசநோய்க்கு சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தார்.

அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து தந்தி வந்தது. மார்கரெட் விங்க்லர் என்ற விநியோகஸ்தர் அந்தப் படத்தைத் தொடராக வாங்கத் தயார், முதல் ஆறு படங்களுக்குத் தலா 1,500 டாலர். வால்ட் அன்று இரவே மருத்துவமனைக்குப் போய், நோயாளிகள் வரிசையாகப் படுத்திருந்த தாழ்வாரத்தில் அண்ணனைத் தட்டி எழுப்பினார். ராய் மறுநாளே மருத்துவமனையை விட்டுக் கிளம்பிவிட்டார். சித்தப்பாவிடம் 500 டாலர் கடன், ராயின் சேமிப்பு கொஞ்சம், இதுதான் முதலீடு. 1923 அக்டோபர் 16 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. இன்றும் நிறுவனம் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான்.

அந்தத் தந்தியை அனுப்பிய விங்க்லரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. கார்ட்டூன் படங்களைத் தயாரித்து விநியோகித்த முதல் பெண் அவர். பெலிக்ஸ் என்ற கார்ட்டூன் பூனையை ஊர் ஊராகக் கொண்டுபோனதும் அவர்தான். பிறகு சார்லஸ் மின்ட்ஸ் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டு, தொழிலைக் கணவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிட்டார். அந்த மின்ட்ஸ் பிறகு என்ன செய்தார் என்பது அடுத்து வருகிறது.

தொடங்கும்போது கம்பெனியின் பெயர் 'டிஸ்னி பிரதர்ஸ் ஸ்டூடியோ'. 1926-ல் ஹைபீரியன் அவென்யூவில் புது இடத்துக்கு மாறியபோது அது 'வால்ட் டிஸ்னி ஸ்டூடியோ' ஆனது. கணக்கு பார்த்து, கடன் வாங்கி, ஆரம்ப நாட்களில் கேமராவையும் பிடித்த அண்ணன், பெயர்ப் பலகையிலிருந்து இறங்கிக்கொண்டார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், 45 வருடம் கழித்து இதே அண்ணன் ஒரு பெயர் வைப்பார்.

இப்போது முயல் கதை. 1927-ல் யுனிவர்சல் நிறுவனத்துக்காக ஆஸ்வால்ட் என்ற முயல் கார்ட்டூனை வால்ட்டின் குழு செய்து கொடுத்தது. நன்றாக ஓடியது. 1928 தொடக்கத்தில் வால்ட், மனைவி லில்லியனோடு நியூயார்க் போய், யுனிவர்சலுக்கும் தனக்கும் நடுவில் இருந்த விநியோகஸ்தர் மின்ட்ஸிடம் ஒரு படத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பணம் கேட்டார். மின்ட்ஸ், கூட்டித் தருவதற்குப் பதிலாக இருப்பதையும் குறைப்பதாகச் சொன்னார். அதற்கு முன்பே வால்ட்டிடம் வேலை செய்த ஓவியர்களில் பெரும்பாலோரை அவர் தன் பக்கம் இழுத்து வைத்திருந்தார். முயலின் உரிமையும் ஒப்பந்தப்படி யுனிவர்சலிடம்தான் இருந்தது. வால்ட் வெறுங்கையோடு ரயிலேறினார்.

அந்த ரயிலில்தான் மிக்கி மவுஸ் பிறந்தது என்று பிற்காலத்தில் அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அழகான கதைதான். ஆனால் தாளில் அந்த எலிக்கு உருவம் கொடுத்தவர் அப் ஐவர்க்ஸ். வால்ட்டுக்கும் அவருக்கும் ஒரே வயது, கேன்சஸ் சிட்டியில் 18, 19 வயதிலிருந்தே நண்பர்கள். மின்ட்ஸ் இழுத்தபோதும் போகாமல் நின்றவர்.

அந்த வசந்த காலத்தில் ஸ்டூடியோவுக்குள் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் படபடப்பாக இருக்கும். மின்ட்ஸ் பக்கம் போக முடிவு செய்த ஓவியர்கள் உடனே கிளம்பிவிடவில்லை. மிச்சமிருந்த ஆஸ்வால்ட் படங்களை முடிக்க அதே கூரையின் கீழ்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியாமல் புது எலியின் முதல் படத்தை வரைய வேண்டும். ஐவர்க்ஸ் தனியாக உட்கார்ந்து வரைந்தார். யாராவது வருகிற சத்தம் கேட்டால் மிக்கி வரைந்த தாளுக்கு மேலே ஆஸ்வால்ட் தாளை இழுத்துப் போட்டுக்கொள்வார். வரைந்த தாள்கள் வால்ட் வீட்டு கராஜுக்குப் போகும். அங்கே லில்லியன், ராயின் மனைவி எட்னா, லில்லியனின் அக்கா ஹேசல் மூன்று பேரும் அவற்றை செல்லுலாய்டு தாளில் மையால் எடுத்து, வண்ணம் பூசினார்கள். உலகத்தின் மிகப் பிரபலமான எலி, வீட்டுப் பெண்கள் மூன்று பேர் கராஜில் உட்கார்ந்து மை தீட்டிய எலி.

ஐவர்க்ஸ் அப்போது ஒரு நாளைக்கு 700 படங்கள் வரை வரைந்தார் என்பார்கள். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்கிறேன். திரையில் ஒரு வினாடிக்கு 24 பிரேம், ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்தால் வினாடிக்கு 12 படம். 700 படம் என்றால் கிட்டத்தட்ட ஒரு நிமிடப் படம், ஒரே ஆள், ஒரே நாளில். நான் படிக்கும் காலத்தில் லைட் டேபிளில் காலை முதல் இரவு வரை உட்கார்ந்து, ஒழுங்காக வந்தது என்று ஆசிரியர் ஒத்துக்கொண்ட அதிகபட்சம் 40 தாள். அதற்கே மறுநாள் மணிக்கட்டை மடக்க முடியவில்லை.

முதல் இரண்டு மிக்கி படங்களையும் வாங்க ஆளில்லை. மூன்றாவதற்கு ஒலி சேர்க்கலாம் என்று வால்ட் முடிவு செய்தார். நியூயார்க்கில் நடந்த முதல் ஒலிப்பதிவு சொதப்பிவிட்டது, இசைக்குழுவுக்கும் படத்துக்கும் தாளம் சேரவில்லை. இரண்டாவது முறைக்குப் பணம் வேண்டும், 'மூன்' என்ற கம்பெனி செய்த தன்னுடைய காரை விற்றுக் கொடுத்தார். 1928 நவம்பர் 18 அன்று நியூயார்க்கின் காலனி தியேட்டரில் 'ஸ்டீம்போட் வில்லி' திரையிடப்பட்டது. அப்புறம் நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும்.

தெரியாதது ஐவர்க்ஸுக்கு நடந்தது. டைட்டிலில் அவர் பெயரும் வந்தது. ஆனால் உலகத்துக்கு மிக்கி என்றால் வால்ட் டிஸ்னிதான். ஒரு விருந்தில் ஒரு சிறுவன் மிக்கி படம் கேட்க, "நீ வரை, நான் கையெழுத்துப் போடுகிறேன்" என்கிற மாதிரி வால்ட் ஐவர்க்ஸிடம் சொன்னதாகவும், ஐவர்க்ஸ் கோபத்தோடு நகர்ந்துவிட்டதாகவும் ஒரு கதை உண்டு. அந்த விருந்து எப்படியோ, 1930 ஜனவரியில் வேறொருவர் பணம் போட்டுத் தனி ஸ்டூடியோ வைத்துத் தருவதாக அழைத்தபோது அவர் கிளம்பிவிட்டார். கம்பெனியில் அவருக்கு 20 சதவீதப் பங்கு இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்து வாங்கிக்கொண்ட தொகை 2,920 டாலர். நான் இந்த எண்ணை மறக்கவே மாட்டேன்.

பத்து வருடம் கழித்து, 1940-ல், ஐவர்க்ஸ் திரும்பி வந்தார். படம் வரைய வரவில்லை. கேமரா, லென்ஸ், பிரிண்டர் என்று கருவிகள் பக்கம் போனார். 'மேரி பாப்பின்ஸ்' படத்தில் நிஜ மனிதர்களும் கார்ட்டூன் பென்குவின்களும் ஒரே திரையில் ஆடுவார்கள் இல்லையா, அதற்கான சோடியம் விளக்கு முறையில் அவருடைய பங்கு பெரிது. அதற்காக இன்னும் இருவரோடு சேர்ந்து ஆஸ்கர் வாங்கினார். ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்துக்குப் பறவைகளைத் திரையில் நிரப்பிக் கொடுத்ததிலும் அவர் இருக்கிறார்.

முயல் என்ன ஆயிற்று? மின்ட்ஸிடமிருந்து யுனிவர்சல் அதைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தது. வால்ட்டிடமிருந்து எடுத்தது மின்ட்ஸிடமும் தங்கவில்லை. 2006-ல் டிஸ்னி அதைத் திரும்பப் பெற்ற விதம்தான் விசித்திரம். அமெரிக்காவின் பெரிய விளையாட்டு வர்ணனையாளர் அல் மைக்கேல்ஸ் டிஸ்னியின் தொலைக்காட்சிகளோடு ஒப்பந்தத்தில் இருந்தார். அவர் என்பிசி தொலைக்காட்சிக்குப் போக விரும்பினார். என்பிசியும் யுனிவர்சலும் அப்போது ஒரே நிறுவனம். சரி, போகட்டும், பதிலுக்கு முயலைக் கொடுங்கள் என்றது டிஸ்னி. உயிரோடிருக்கும் ஒரு வர்ணனையாளருக்கு ஈடாக 78 வருடத்துக்கு முன் பறிபோன ஒரு கார்ட்டூன் முயல் வீடு திரும்பியது. இந்த ஒரு கதையைக் கேட்டால் போதும், அந்த இழப்பு அந்த நிறுவனத்துக்குள் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருந்தது என்பது புரியும்.

இனி மை தீட்டிய பெண்கள். கராஜில் மூன்று பேராக இருந்தது, 1930-களில் தனிக் கட்டடமே தேவைப்படும் அளவுக்கு வளர்ந்தது. ஓவியர் பென்சிலில் வரைந்த தாளின் மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளை வைத்து, நிப் பேனாவால் அதே கோட்டை மையில் எடுக்க வேண்டும். காய்ந்ததும் தாளைத் திருப்பி, பின்பக்கம் வண்ணம் பூச வேண்டும். விரல் ரேகை பட்டால் கேமராவில் தெரியும், அதனால் பருத்திக் கையுறை. கோடு ஒரு மயிரிழை தடித்தால் திரையில் அந்த உருவம் துடிக்கும், அதனால் மூச்சைக்கூட அடக்கித்தான் இழுப்பார்கள். ஆரம்ப நாட்களில் படம் எடுத்து முடித்ததும் அந்தத் தாள்களைக் கழுவித் துடைத்து மறுபடி பயன்படுத்தினார்கள். அந்தக் கைவேலையில் பெரும்பகுதி அப்படியே வாய்க்காலில் போனது.

1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்த்தே சர்க்கிள் தியேட்டரில் வெளியான 'ஸ்னோ ஒயிட்' படத்தை மறுபடி பார்க்க வாய்ப்பு கிடைத்தால் அவள் கன்னத்தைப் பாருங்கள். கோடு இல்லாமல், ஓரம் தெரியாமல், லேசாகப் படர்ந்த சிவப்பு. வண்ணப் பூச்சால் அது வராது. அந்தப் பிரிவின் பெண்கள் சாயத்தை எடுத்து ஒவ்வொரு தாளிலும் கையாலேயே ஒற்றி ஒற்றிக் கொண்டுவந்தது அது. அடுத்தடுத்த தாளில் இடம் மாறினால் திரையில் அந்தச் சிவப்பு கன்னத்தில் தாவித் திரியும். அது தாவவில்லை. அவ்வளவு துல்லியம் எப்படி முடியும் என்று வால்ட் கேட்டபோது, வாழ்நாள் முழுக்க முகத்தில் செய்து பழகியதுதானே என்று அவர்கள் பதில் சொன்னதாக அந்த வட்டாரத்தில் சொல்வார்கள்.

இத்தனைக்கும், ஓவியராகச் சேர விண்ணப்பித்த பெண்களுக்கு 1938-ல் ஸ்டூடியோ அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. கார்ட்டூன் தயாரிப்பில் படைப்பு வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது முழுக்க இளைஞர்களின் வேலை, பெண்களுக்கு மை எடுப்பதும் வண்ணம் பூசுவதும்தான் என்று அதில் எழுதியிருக்கும். கடிதத் தலைப்பில் ஸ்னோ ஒயிட் சிரித்துக்கொண்டிருப்பாள். அந்தச் சுவரில் முதல் ஓட்டை போட்டவர் ரெட்டா ஸ்காட். 'பாம்பி' படத்தில் மானைத் துரத்தும் வேட்டை நாய்களின் வெறி அவர் வரைந்தது. அனிமேட்டர் என்று டிஸ்னி படத்தின் டைட்டிலில் பெயர் வந்த முதல் பெண் அவர்.

மை தீட்டும் அறை எப்படிச் சுருங்கியது என்பது எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. 1959-ல் வந்த 'ஸ்லீப்பிங் பியூட்டி' பெரும் செலவில் எடுத்து நஷ்டம் கொடுத்தது. செலவைக் குறைக்க வழி தேடினார்கள். பென்சில் கோட்டை நேரடியாக செல்லுலாய்டில் படிய வைக்கும்படி ஜெராக்ஸ் எந்திரத்தை மாற்றியமைத்தார்கள். 1961-ல் வந்த '101 டால்மேஷியன்ஸ்' அப்படி எடுத்த முதல் முழுநீளப் படம். அத்தனை நாய்களையும் அத்தனை புள்ளிகளையும் கையால் மை எடுக்கவே முடிந்திருக்காது. அதோடு அந்த அறை காலியாகத் தொடங்கியது. அந்த எந்திரத்தை அமைத்தவர் யார் தெரியுமா? அப் ஐவர்க்ஸ். கராஜில் மூன்று பெண்களுக்கு முதல் மிக்கி தாள்களைக் கொடுத்த அதே கை.

அடுத்து, எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று நான் ஆசைப்படும் பெயர் டைரஸ் வாங். 1910-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் பிறந்தவர். சீனர்கள் குடியேற அமெரிக்கா தடை போட்டிருந்த காலம். 1920-ல் அப்பாவோடு பொய்ப் பெயரில் வந்து இறங்கினார். சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரே ஏஞ்சல் தீவில், பத்து வயதுச் சிறுவனைத் தனியாக அடைத்து வைத்து விசாரித்தார்கள். ஊரில் விட்டு வந்த அம்மாவை அவர் பிறகு பார்க்கவே இல்லை. அப்பாவிடம் மை வாங்கக் காசில்லை. தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, பழைய செய்தித்தாளில் எழுதச் சொல்லி மகனுக்குப் பயிற்சி கொடுத்தார். எழுதியது காய்ந்து மறைந்துவிடும், மறுபடி எழுத வேண்டும்.

1938-ல் அவர் டிஸ்னியில் இன்பிட்வீனராகச் சேர்ந்தார். பெரிய அனிமேட்டர் வரைந்த இரண்டு நிலைகளுக்கு இடையில் வரும் படங்களை நிரப்பும் வேலை அது. கண்ணும் கழுத்தும் போகும், பெயர் வராது. அப்போது 'பாம்பி' படம் ஒரு சிக்கலில் நின்றுகொண்டிருந்தது. பின்னணி ஓவியர்கள் காட்டின் ஒவ்வொரு இலையையும் வரைந்து தள்ளியிருந்தார்கள், அதற்குள் மான் தொலைந்துபோனது. இதைக் கேள்விப்பட்ட வாங், வீட்டில் உட்கார்ந்து சின்னச் சின்ன ஓவியங்களாகக் காட்டை வரைந்து கொண்டுவந்து காட்டினார். பழைய சீன நிலக்காட்சி ஓவியங்களில் இருப்பது போல, பனி, மங்கிய மரம், நடுவில் ஒரு வெளிச்சத் திட்டு, அதில் மான். இலைகள் இல்லை, ஆனால் காடு இருந்தது. வால்ட் பார்த்ததும் பிடித்துக்கொண்டார். படத்தின் நிறமும் சூழலும் மட்டுமல்ல, அதன் அமைதியும் அந்தச் சின்ன ஓவியங்களிலிருந்து வந்தவை.

படம் 1942-ல் வெளியானபோது வாங் அங்கே இல்லை. 1941 மே 29 அன்று ஸ்டூடியோவில் ஸ்ட்ரைக் தொடங்கியது. ஸ்னோ ஒயிட் லாபத்தில் பங்கு வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு அது வரவில்லை. 'பினோக்கியோ', 'ஃபேன்டேஷியா' இரண்டும் நஷ்டம், ஐரோப்பாவில் போர் நடந்ததால் அந்தச் சந்தையே மூடிவிட்டது. ஒரே அறையில் வாரம் 200 டாலருக்கு மேல் வாங்குபவரும் 20 டாலர்கூட வாங்காதவரும் இருந்தார்கள். குறும்படங்களில் வால்ட் பெயர் மட்டும்தான் வரும் என்ற குறையும் இருந்தது. கூஃபியை ஒரு பாத்திரமாக வளர்த்தெடுத்த ஆர்ட் பாபிட், நல்ல சம்பளம் வாங்கியும் சங்கத்தோடு நின்றார். அவரை வேலையை விட்டு நீக்கிய மறுநாள் வாசலில் மறியல் ஆரம்பமானது. அரசு நடுவர் வந்துதான் தீர்த்து வைத்தார். வால்ட் அதைத் தனக்குச் செய்த துரோகமாகவே எடுத்துக்கொண்டார். 1947-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன்னால் போய், ஸ்ட்ரைக்குக்குப் பின்னால் கம்யூனிஸ்டுகள் இருந்தார்கள் என்று பெயர் சொல்லிச் சாட்சியம் அளித்தார். அவர் மேல் எனக்கு எவ்வளவோ மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சாட்சியத்தை என்னால் ஏற்க முடியவில்லை, அது சிலருடைய பிழைப்பைக் கெடுக்கக்கூடிய வார்த்தை.

வாங் ஸ்ட்ரைக்கில் கலந்துகொள்ளவே இல்லை. ஆனாலும் அதன் பின் நடந்த ஆட்குறைப்பில் வேலை போனது. 'பாம்பி' டைட்டிலில் பின்னணி ஓவியர்கள் பட்டியலில் பத்தோடு பதினொன்றாக அவர் பெயர் வந்தது. பிறகு வார்னர் பிரதர்ஸில் 26 வருடம் இருந்தார். 2001-ல்தான் டிஸ்னி அவரை அழைத்து 'லெஜண்ட்' விருது கொடுத்தது, அப்போது அவருக்கு 90 தாண்டியிருந்தது. கடைசிக் காலத்தில் தானே செய்த பெரிய பெரிய பட்டங்களை சாண்டா மோனிகா கடற்கரையில் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார். 2016 டிசம்பரில், 106 வயதில் இறந்தார்.

டிஸ்னிலேண்ட் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகவே சொல்கிறேன். 1953 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, வால்ட் பழைய ஓவியர் ஹெர்ப் ரைமனைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை ராய் நியூயார்க் போகிறார், பூங்காவின் படம் வேண்டும் என்றார். எந்தப் படம் என்று ரைமன் கேட்க, நீ வரையப் போகிற படம் என்று பதில். கூடவே உட்கார்ந்தால் வரைகிறேன் என்று ரைமன் நிபந்தனை போட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வால்ட் சிகரெட் பிடித்தபடி பேசப் பேச அவர் வரைந்தார். அந்த ஒரு படத்தோடு ராய் போய், ஏபிசி தொலைக்காட்சியிடம் 5 லட்சம் டாலர் முதலீடும் வங்கிக் கடனுக்கு உத்தரவாதமும் வாங்கி வந்தார். பதிலுக்கு வாராவாரம் ஒரு நிகழ்ச்சி செய்து தர வேண்டும். அதே ஏபிசியை 1996-ல் டிஸ்னி மொத்தமாக 1,900 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. (தொலைக்காட்சி வாங்கும் அந்தப் பழக்கம் நம் ஊர் வரை வந்தது. 2019 முதல் 2024 வரை விஜய் டிவி டிஸ்னிக்குச் சொந்தம்.)

1955 ஜூலை 17 திறப்பு நாள். கள்ள டிக்கெட்டில் கூட்டம் நிரம்பி வழிந்தது. வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் ஹீல்ஸ் அதில் புதைந்தது. பிளம்பர்கள் ஸ்ட்ரைக்கில் இருந்ததால் கழிவறை, குடிநீர்க் குழாய் இரண்டில் ஒன்றைத்தான் நேரத்துக்கு முடிக்க முடியும் என்ற நிலை. வால்ட் கழிவறையைத் தேர்ந்தெடுத்தார். தண்ணீர் குடிக்க வழியில்லாத ஜனங்கள், குளிர்பானம் விற்பதற்காகச் செய்த சூழ்ச்சி என்று திட்டினார்கள். அவர் எடுத்த முடிவு சரி என்றுதான் நான் நினைக்கிறேன், பானத்தைக் காசு கொடுத்து வாங்கலாம், மற்றதற்கு வேறு வழி ஏது?

பூங்கா ஒரு பக்கம் வளர, அண்ணன் தம்பி இருவருக்கும் இடையில் ஒரு பெரிய கசப்பும் வளர்ந்தது. பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம் வேறு, தான் வேறு என்று வால்ட் தன் குடும்பத்துக்கென ஒரு கம்பெனி வைத்துக்கொண்டார். அவர் பெயரின் உரிமை அந்தக் கம்பெனியிடம் இருந்தது. பிறகு அதற்கு ரெட்லா என்று பெயர், வால்ட்டர் என்பதை ஆங்கிலத்தில் திருப்பி எழுதினால் வருவது. வால்ட் டிஸ்னி என்ற பெயரைப் பயன்படுத்த, வால்ட் டிஸ்னி நிறுவனமே அந்தக் குடும்பக் கம்பெனிக்குப் பணம் கட்டியது. பூங்காவில் ஓடிய ரயிலும் மோனோரயிலும்கூட அவர்களுடையவை. 1981-ல்தான் நிறுவனம் இவை எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியது. பங்குதாரர்கள் என்ன சொல்வார்களோ என்று ராய்க்குக் கவலை, பேச்சுவார்த்தை முற்றி இருவரும் பேசாமலே இருந்த நாட்கள் உண்டு. கடைசியில் ராயின் பிறந்தநாளன்று, பழங்குடி மக்கள் சமாதானத்துக்குப் புகைக்கும் குழாய் ஒன்றை வால்ட் பரிசாகக் கொடுத்து அனுப்பினார். ராய் அதைத் தன் அலுவலகச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஃப்ளோரிடாவில் நிலம் வாங்கும் வேலை ரகசியமாக நடந்தது. வாங்குவது டிஸ்னி என்று தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால், ஊர் பேர் தெரியாத சின்னச் சின்னக் கம்பெனிகளின் பெயரில் 27,000 ஏக்கருக்கு மேல் சேர்த்தார்கள். செலவு சுமார் 50 லட்சம் டாலர், ஏக்கருக்கு சராசரியாக 200 டாலருக்கும் கீழே. 1965 அக்டோபரில் ஆர்லாண்டோ பத்திரிகை நிருபர் எமிலி பவார், வால்ட்டிடம் நேரில் கேட்டு, அவர் திடுக்கிட்டதை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

1966 டிசம்பரில் வால்ட் பர்பேங்கில், ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த மருத்துவமனையில் படுத்திருந்தார். சாவதற்கு முந்தைய இரவு ராய் பக்கத்தில் இருந்தார். வால்ட் மல்லாந்து படுத்தபடி, கூரையில் சதுரம் சதுரமாக இருந்த பலகைகளைக் காட்டி, இது ஒரு மைல், இங்கே சாலை, இங்கே பூங்கா, இங்கே நகரம் என்று ஃப்ளோரிடாவைப் போட்டுக் காட்டிக்கொண்டே இருந்தாராம். காலையில் இறந்துவிட்டார்.

ராய்க்கு வயது 73. ஓய்வெடுக்க நினைத்திருந்தவர், அதைத் தள்ளிப் போட்டார். ஐந்து வருடம் பணம் திரட்டினார், கட்டடம் எழுப்பினார். வால்ட் கனவு கண்ட 20,000 பேர் வாழும் நகரம் வரவில்லை, பூங்கா வந்தது. திட்டத்துக்கு எல்லாரும் 'டிஸ்னி வேர்ல்ட்' என்று பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ராய் ஒத்துக்கொள்ளவில்லை. 'வால்ட் டிஸ்னி வேர்ல்ட்' என்றுதான் இருக்க வேண்டும், இது யாருடைய கனவு என்று வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றார். 1971 அக்டோபர் 1-ல் திறந்தார்கள். டிசம்பர் 20-ல் ராய் இறந்தார். இரண்டு முறையும் தன் பெயரை விட்டுத் தம்பி பெயரை வைத்தவர் அவர். ஐவர்க்ஸும் அதே 1971-ல், ஜூலையில் போய்விட்டார்.

கடைசியாக ஒருவர். 1980-களின் நடுவில் டிஸ்னியின் அனிமேஷன் பிரிவு மூடும் நிலைக்கு வந்தது. பர்பேங்கில் அவர்களுக்காகவே கட்டிய கட்டடத்திலிருந்து வெளியேற்றி, க்ளெண்டேலில் கிடங்கு போன்ற கட்டடங்களில் உட்கார வைத்தார்கள். அங்கே வந்து சேர்ந்தவர் நியூயார்க் நாடக மேடைக்காரர் ஹவர்ட் ஆஷ்மன். பாட்டு எழுதத்தான் வந்தார். ஆனால் ஒரு பாத்திரம் எதற்கு ஏங்குகிறது என்பதை முதல் சில நிமிடங்களில் அது பாடிவிட வேண்டும் என்று அங்கிருந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். 'தி லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் கடல்கன்னி தன் ஆசையைப் பாடும் பாட்டு, சோதனைத் திரையிடலில் குழந்தைகள் நெளிந்தார்கள் என்று வெட்டப்பட இருந்தது. ஆஷ்மன் விடவே இல்லை. பாட்டு இருந்தது, 1989-ல் படம் பிரமாதமாக ஓடியது, அந்தப் பிரிவு பிழைத்தது.

அப்போதே அவருக்கு எய்ட்ஸ். நெருங்கிய சிலரைத் தவிர யாருக்கும் தெரியாது. 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' வேலைக்குக் கலிபோர்னியா வர முடியாத நிலை. குழுவினர் அவர் வீட்டுக்குப் பக்கத்தில், நியூயார்க் மாநிலத்தில் ஃபிஷ்கில் என்ற ஊரின் ஹோட்டலில் போய் உட்கார்ந்து கதை பேசினார்கள். ஏன் இவ்வளவு தூரம் வரச் சொல்கிறார்கள் என்று அவர்களில் பலருக்கும் அப்போது புரியவில்லை. 1991 மார்ச் 14 அன்று, 40 வயதில், படம் முடிவதற்கு முன்பே ஆஷ்மன் இறந்தார். சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை பெற்ற முதல் அனிமேஷன் படம் அது. தலைப்புப் பாட்டுக்கு அவருக்குக் கிடைத்த ஆஸ்கரை மேடையேறி வாங்கியவர் அவருடைய துணைவர் பில் லாக்.

அந்தப் படத்தை அடுத்த முறை பார்க்கும்போது, கதை முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். ஓவியர்கள், வண்ணம் பூசியவர்கள், பாடியவர்கள் என்று எல்லாப் பெயர்களும் மேலே ஓடி முடித்த பிறகு ஒரு அட்டை வரும். ஒரு கடல்கன்னிக்குக் குரலையும் ஒரு மிருகத்துக்கு ஆன்மாவையும் கொடுத்த நம் நண்பர் ஹவர்டுக்கு என்றென்றும் நன்றி என்று அதில் இருக்கும். கீழே அவர் பெயர், 1950-1991.